வெந்தமேட்டுப் பாதை வளைவது ஏன்

எங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து ஒரகடம் மெயின் ரோட்டுக்குப் போக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. அதைக் குறுக்குப் பாதை என்று சொல்வதே தப்பு. குறுக்கே போகிற பாதை நேராகப் போகவேண்டுமா இல்லையா? இது போகாது. வெந்தமேட்டில் ஏறியதும் ரோடும் பஸ் நிறுத்தமும் கண்ணெதிரே தெரியும். அப்போது பார்த்து வலதுபக்கம் திரும்பி, வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, பாண்டவக்குழிக்கு முன்னால் போய் நின்றுவிட்டு, பிறகுதான் ரோட்டுக்கு இறங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதில்தான் நடக்கிறேன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவளுக்குப் பாதை வளைவதா கவலை? பஸ் போய்விடுமே என்பதுதான் கவலை.

கேட்டவள் என் மகள் மதிவதனி. காஞ்சிபுரத்தில் சரித்திரம் படிக்கிறாள். சரித்திரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் அவள் கேட்கிற கேள்விகளுக்குக் குறைச்சல் இல்லை.

போன வாரம் என்னை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். சித்திரை வெயில். வெந்தமேடு பேருக்கு ஏற்ற இடம். கண்ணுக்கெட்டிய வரை சிவப்புச் சரளை. கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில் இரண்டு பக்கமும் மண்ணை லாரி லாரியாக அள்ளிப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கிற முதுகில் ஒரு புல் கிடையாது, ஒதுங்க ஒரு வேலமரம் கிடையாது. மத்தியானத்தில் நடந்தால் செருப்பின் அடி இளகி ஒட்டும்.

"மா, இந்தப் பாதை ஏன் இப்படி வளையுது?"

"எந்தக் குடிகாரனாவது மொதல்ல நடந்திருப்பான். அவன் பின்னாலயே ஊரு போச்சு."

"குடிகாரன் தெனமுமா ஒரே எடத்துல வளைவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாண்டவக்குழி வரைக்கும் போனோம். குழி என்று பேர்தானே தவிர அங்கே குழி இல்லை. முழங்கால் உயரக் கற்கள் வட்டமாகக் கிடக்கும். பஞ்சபாண்டவர் வந்து ஒளிந்த இடம் என்பார்கள். பாண்டவர் ஒளியாத ஊர் தமிழ்நாட்டில் எது என்று சொல்லுங்கள், நான் குடிபோய்விடுகிறேன். மதி சொன்னது வேறு. ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால், இரும்பு வந்த புதிதில், செத்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் கல் நட்ட இடமாக இருக்கலாம் என்றாள்.

"அப்ப சுடுகாடா? கர்மம்! நான் இங்க குந்தி டிபன் சாப்ட்டுக்கீறேன்டி!"

"சாப்பிட்டா இன்னா, அவங்க ஒண்ணும் பங்கு கேக்கலயே."

பாதை ஏன் வளைகிறது என்று தனக்குத் தெரிந்துவிட்டது போல இருக்கிறது, ஆனால் சொல்லமாட்டேன் என்றாள். கல்லூரியில் சொன்னதற்கு வாத்தியாரிலிருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும் சிரித்தார்களாம். இனிமேல் பார்க்கத் தெரிந்தவரிடம், அந்த இடத்திலேயே நிற்க வைத்துத்தான் சொல்லுவாளாம். அந்த வீம்பு என்னிடமிருந்து வந்தது. வேறு யாரைக் குறைசொல்ல?

பார்க்கத் தெரிந்தவர் ஒருவரையும் பிடித்துவிட்டாள். சுகப்பிரியா என்று ஒரு தொல்லியல் ஆய்வாளர். மூன்று வருஷமாக மெயில் அனுப்பி, போன் போட்டு, வாசலில் காத்துக் கிடந்த பிறகு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். அடுத்த மாதம் மேட்டைச் சமப்படுத்தி லாரி நிறுத்தும் இடம் ஆக்கப்போகிறார்கள். "கல்லெல்லாம் கலையாமல் இருந்தால் மேட்டைத் தொடக்கூடாது என்று அரசாங்கத்துக்கு எழுதுகிறேன். யாராவது கலைத்திருந்தால் என்னை ஒன்றும் கேட்காதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மதிக்கு அந்த ஒருநாள்தான். அது தப்பினால் மறுமாதம் புல்டோசர்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

காருக்குள் ஓடுகிற ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனியில் நான் லைன் லீடர். என் லைனில் இருக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். ஹாஸ்டலில் தங்கி, மெஸ் சாம்பாரைத் திட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்கள். வெள்ளிக்கிழமை டீ பிரேக்கில் அவர்களிடம் மகள் பெருமையை அளந்தேன். பெரிய மேடம் சென்னையிலிருந்து காரில் வருகிறார், எங்கள் பாலைவனத்தில் இருக்கிற பாண்டவக்குழியைப் பார்க்க வருகிறார் என்றேன்.

"அதப் போயி பாலைவனம்ங்கிய" என்றான் இசக்கி. அவன் ஊர் தேரிக்காட்டுச் செம்மணலை ஒட்டியது. "எங்க தேரிக்கு வந்து பாருங்கக்கா. காத்தடிச்சா நேத்து நடந்த பாதை இன்னைக்கு இருக்காது. உங்களுக்குப் பாதை போட்ட எடத்துலயே கெடக்கு. குடுத்து வச்சவிய."

"மேடம் வாற எடம் எப்பிடிக்கா கெடக்கு? குப்பையா?" என்று கேட்டான் அய்யாத்துரை.

அய்யாத்துரையைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எங்கள் கம்பெனிச் சுவரில் எங்கே பார்த்தாலும் ஃபைவ் எஸ் என்று ஒட்டியிருக்கும். வேண்டாததை எடு, வேண்டியதை வரிசையாக வை, பெருக்கு, பேர் எழுதி ஒட்டு, இதையே தினமும் செய். மற்றவர்களுக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம். அய்யாத்துரைக்கு அது வேதம். ஹாஸ்டலில் பல் விளக்கும் பிரஷ்ஷுக்குக்கூடப் பேர் ஒட்டி வைத்திருப்பான். போன வருஷம் அதற்குப் பரிசாக டிபன் கேரியர் வாங்கினான். அந்த டிபன் கேரியருக்கும் பேர் ஒட்டியிருக்கிறான்.

"குப்பையாத்தான் கீது. யாரு பெருக்கறது?" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன்னே நானும் மதியும் மேட்டுக்குக் கிளம்பினோம். மேடம் வருவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள். தண்ணீர் பாட்டில், குடை, நாலு முறுக்கு எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையை விட்டு மேட்டில் ஏறும்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியில் கோடு. நூல் பிடித்த மாதிரிக் கோடு. எங்கள் கம்பெனித் தரையில் டிராலி ஓடுவதற்கு மஞ்சளில் போட்டிருப்பார்களே, அதேதான் வெள்ளையில்.

"யாருமா இது?" என்று மதி ஓட ஆரம்பித்தாள்.

வளைவைத் தாண்டிப் பார்த்தால் பாண்டவக்குழியைக் காணோம். வட்டம் இருந்த தரை, மாட்டுப் பொங்கல் வாசலாட்டம் பெருக்கி விட்டிருந்தது. கல் கிடந்த பள்ளங்களில்கூட மண்ணைத் தள்ளி மட்டம் பண்ணியிருந்தார்கள். கற்கள் எல்லாம் ஓரமாக ஒரே நேர்வரிசையில் நின்றன. உயரவாரியாக. ஒவ்வொரு பகுதிக்கு முன்னாலும் ஒரு அட்டை. பெரியது. நடுத்தரம். சிறியது. கடைசியில் சிவப்பு மையில் இன்னொரு அட்டை: மேடம் அவர்களே வருக.

மதி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். பெருக்கிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் உடனே போனைப் போட்டேன். அய்யாத்துரை முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"பாத்தியளாக்கா? சர்ப்ரைஸ்! நேத்து ஷிப்ட் முடிஞ்சதும் லைனே சேந்து போனோம். கடப்பாறை ஊருக்குள்ள கேட்டு வாங்குனோம். எப்பிடி இருக்கு?"

"டேய்! எவன்டா உன்னைக் கல்லைத் தொடச் சொன்னது? கையில கெடச்சே, உன்னையும் சைஸ்வாரியாப் பிரிச்சு அட்டை எழுதி வச்சிருவேன்டா பாவி!"

அவன் மெல்லிய குரலில், "கல்லு செதறிக் கெடந்துச்சுக்கா. உங்க மவ மேடம் முன்னால தலைகுனியக் கூடாதுன்னுதான்..." என்றான்.

அதற்குமேல் எப்படித் திட்டுவது? திட்டினேன்தான். ஆனால் உப்பு இல்லாமல் திட்டினேன். நேற்று வந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு உடனே வரச் சொன்னேன்.

வந்தார்கள். ஷேர் ஆட்டோ இரண்டு நிறைய வந்து இறங்கினார்கள். விடுமுறை நாளில் தூங்கி எழுந்த முகம், கலைந்த தலை. கவியா என்று ஒரு பெண், கோவில்பட்டிக்காரி, மதி பக்கத்தில் போய்க் குத்தவைத்து, "மதி, எங்களுக்குத் தெரியாதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாத்தையும் பழையபடி வச்சிடலாம்" என்றேன் நான். "மேடம் வர இன்னும் நேரம் கீது. வச்சுட்டுக் கம்முனு இருப்போம். எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

மதி தலையைத் தூக்கினாள். "வச்சாலும் சொல்லிடுவேன்மா."

"இன்னாத்துக்கு?"

"அது அவங்க வச்ச மாதிரியா, நாம வச்ச மாதிரியான்னு அவங்களுக்குத் தெரியணும். தெரியாம அவங்க எழுதுனா அது பொய்யி. அப்புறம் நான் இன்னா சொன்னாலும் பொய்யாதான் போவும்."

"அரிச்சந்திரன் வூட்டுப் பொண்ணு! மேடு போயிடும்டி. மூணு வருஷம் நாயா அலைஞ்சியே!"

"போனா போவட்டும்."

போகட்டும் என்று வாய்தான் சொன்னது. கை சரளையை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தது. பெற்றவளுக்குத்தான் தெரியும், போகட்டும் என்பதற்கு என்ன அர்த்தம் என்று.

ஆனால் எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மதியின் போனில் படங்கள் இருந்தன. எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. பாதிக் கல் தெரிந்தது, மீதி ஒன்றின் பின்னால் ஒன்று மறைந்திருந்தது. அய்யாத்துரைதான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, நேத்து லைன் மாதிரித்தான் ஆள் நிறுத்துனேன். ஒரு கல்லுக்கு ரெண்டு பேரு. அவவங்க கல்லை அவவங்கதான் பேத்து உருட்டுனது. ஆளு மாறல."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப ஸ்டேஷன்ல போய் நில்லுங்க" என்றேன். லைனில் அவரவர் நிற்கிற இடத்துக்கு அதுதான் பேர். "லைனைத் திருப்பி ஓட்டுவோம்."

அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். வெறும் செம்மண் மேட்டில், தலையில் துண்டும் துப்பட்டாவும் போட்டுக்கொண்டு, ஜோடி ஜோடியாக நடந்துபோய் நின்றார்கள். முதலில் கொஞ்சம் தடுமாற்றம். "ஏல, நீ எனக்கு எடக்கையில இல்லா நின்ன" என்று ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளினான். "எனக்கு நேரா அந்த டவர் தெரிஞ்சுச்சு" என்று கவியா இரண்டு அடி நகர்ந்தாள். சிரித்துச் சண்டை போட்டு நகர்ந்து நகர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் வந்துவிட்டது. கல்லுக்குப் பதில் ஆள்.

மதி எழுந்து நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு ஜோடியும் வரிசைக்குப் போய்த் தன் கல்லைத் தேடியது. கல்லெல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே என்று நான் நினைத்தேன். தூக்கினவர்களுக்கு அப்படி இல்லை. "இதுதாங்க்கா, என் நகத்தைப் பேத்த மூதேவி" என்று கவியா ஒன்றைக் கட்டிக்கொண்டாள். கட்டைவிரலைக் காட்டினாள், நகம் பாதி கறுத்திருந்தது. அடியில் தேள் இருந்த கல், பூனைக்காது மாதிரி இரண்டு முனை உள்ள கல், புரட்டினால் ஒருபக்கமாகவே சாய்கிற கல் என்று ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். நின்ற இடத்தில் கடப்பாறையால் லேசாகக் கிளறினால் நேற்றுத் தள்ளிய மண் பொலபொலவென்று வந்தது. அடியில் பழைய பள்ளம் இருந்தது. கல்லை உருட்டி இறக்கினால், சில கற்கள் செருப்புக்குள் கால் போகிற மாதிரி இறங்கின.

பாதி வேலை நடக்கும்போதே மேடத்தின் கார் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டதாகப் போன் வந்தது. வழிகாட்ட மதி ஓடினாள். போகும்போது, "ஒரு கல்லுகூட எடம் மாறக்கூடாதுமா" என்று கத்திவிட்டுப் போனாள். தண்ணீர் கேன் வாங்க அய்யாத்துரையும் கூடவே போனான்.

கடைசிக் கல் இறங்கியது. வரிசை காலி. நான் வட்டத்தைச் சுற்றி வந்து சரிபார்த்தேன். லைன் லீடர் புத்தி. சுற்றி வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பாதைக்கு எதிரே, இரண்டு கல்லுக்கு நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு இடம் காலியாக இருந்தது.

"இங்க யாருடா?"

இசக்கி எட்டிப் பார்த்தான். "தெரியலயேக்கா. நம்ம கல்லு அந்தாக் கெடக்கு."

"இங்ஙன நேத்து கல்லு இருந்துச்சா?" என்று கவியா இழுத்தாள்.

"இல்லாம எப்புடி? சுத்தி கீது, இங்க மட்டும் இல்லியா? எவனோ லீவு போட்டுட்டான்."

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. லைனில் ஒரு இடம் காலியானால் லைன் நிற்கக்கூடாது. ஆள் வராவிட்டால் லீடர் போய் அந்த இடத்தில் நிற்கவேண்டும். எத்தனை நாள் கனெக்டரும் டேப்புமாக நின்றிருக்கிறேன். காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தூரத்தில் கார் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. மேட்டின் ஓரத்தில் புல்டோசர் எப்போதோ தள்ளிவிட்டுப் போன கற்குவியல் கிடந்தது. அதிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நானே மூச்சு வாங்க உருட்டி வந்து அந்த இடைவெளியில் நிறுத்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். வட்டம் முழுசாகிவிட்டது. திருப்தியாக இருந்தது.

சுகப்பிரியா மேடம் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, வெயிலில் காய்ந்த முகத்தோடு, காலில் கேன்வாஸ் ஷூ. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்ததுமே முகம் சுருங்கியது. மேடேறி வரும்போதே மதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. வட்டத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"யார் எடுத்தது?"

அய்யாத்துரை தண்ணீர் கேனைக் கீழே வைத்தான். "நாந்தான் மேடம். இவிய நான் சொல்லித்தான் செஞ்சாங்க."

"நாங்களும்தான்" என்றாள் கவியா. வட்டமாக நின்ற அத்தனை பேரும் முனகினார்கள்.

"இத்தனை ஆயிரம் வருஷம் ஒரு இடத்துல இருந்த கல்லு. ஒரு சாயங்காலத்துல..." மேடம் பேச்சை முடிக்கவில்லை. மதியிடம் திரும்பினார். "உன் மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா எடுத்து வச்ச கல்லை வச்சு நான் என்னன்னு எழுதுறது? நீங்க பொருத்தி வச்சதுன்னா அது உங்க வட்டம். அவங்களோடது இல்ல."

ரோட்டுப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினார். மதி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"மேடம், ஒரே ஒரு கல்லு. எதுன்னாலும் நீங்க சொல்லுங்க. தூக்கிப் பாத்துட்டுப் போயிடுங்க."

மேடம் சலிப்போடு ஒன்றைக் கைகாட்டினார். அது கவியாவின் கல். அவளும் ஜோடிக்காரியும் மெதுவாகப் புரட்டினார்கள். கல்லின் அடியில் கறையான் கட்டிய மண் வரி பாதி ஒட்டியிருந்தது. மீதிப் பாதி பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. இரண்டும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்தன. மேடம் குனிந்து பார்த்தார். மண்டியிட்டு உட்கார்ந்து, பள்ளத்தில் விரலைவிட்டுத் தடவினார்.

"இது எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து நாந்தானே மேடம் பேத்தேன்" என்றாள் கவியா.

"அடுத்தது யாரு?"

மேடம் கல் கல்லாக நடந்தார். ஒவ்வொன்றிலும் நின்று, யாருடையது என்று கேட்டார், எப்படித் தெரியும் என்று கேட்டார், புரட்டச் சொன்னார். ஒன்றிரண்டு முன்பின்னாக இருந்தன, திருப்பி வைத்தார்கள். போகப்போக அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்தது. கேள்வி கேட்கும்போது மதியின் முகத்தில் வருமே, அது. வெயில் ஏறிக்கொண்டே போனது, ஒருத்தருக்கும் முறுக்கு ஞாபகம்கூட இல்லை. தேள் கதையை இசக்கி நடித்துக் காட்டியபோது மேடம் சிரித்தேவிட்டார்.

இப்படியே வந்து என் கல்லின் முன்னால் நின்றார்.

"இது?"

இசக்கியும் கவியாவும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அய்யாத்துரை கல்லைப் பார்த்தான், விரல்விட்டு எண்ணுகிற மாதிரி ஆட்களைப் பார்த்தான், மறுபடி கல்லைப் பார்த்தான். "மேடம், இங்ஙன... நான் ஆளே போடலயே" என்றான்.

"ஆள் போடலன்னா கல் எப்படி வந்துச்சு?"

நான் மதியைப் பார்த்தேன். அவள் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. யாரையும் சந்தேகப்படவில்லை அவள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

"மேடம்," என்றாள். "இங்க கல்லு இல்லன்னு நெனச்சேன். நூறு வாட்டி பாத்திருப்பேன். நான்தான்... சரியாப் பாக்கலியோ இன்னாவோ."

மூன்று வருஷம் கல்லூரி சிரித்தபோது அசையாதவள். புல்டோசர் வருகிறது என்றபோது அசையாதவள். நான் உருட்டி வைத்த ஒரு கல்லுக்கு அசைந்துவிட்டாள். ஐயோ, அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"நீ சரியாத்தான்டி பாத்துக்கீற!" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மேடம், அது பாண்டவக்குழிக் கல்லு இல்ல. நான் வச்சது. தோ அந்தக் குவியல்லருந்து உருட்டியாந்தேன். காலியா கீதேன்னு வச்சேன். எம் பொண்ணுக்குத் தெரியாது."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். மதி பார்த்தாளே, அதுதான்.

"எடுங்க" என்றார் மேடம்.

இசக்கியும் நானும் புரட்டித் தள்ளினோம். அடியில் பள்ளம் இல்லை. பொலபொல மண் இல்லை. மேடம் பையிலிருந்து சிறிய கரண்டி ஒன்றை எடுத்துத் தட்டினார். டக் என்றது. பக்கத்தில் தட்டினார். டக். வட்டத்தில் கல் இருந்த இடமெல்லாம் கிண்ணமாகக் குழிந்திருக்க, இது மட்டும் காலகாலமாக மிதிபட்டு இறுகிய தரை. கல் நின்ற சுவடே கிடையாது.

"இப்ப சொல்லு" என்றார் மேடம், மதியிடம். "என்கிட்டதான் சொல்வேன்னு வச்சிருந்தியே."

மதி பாதை வளையும் பக்கம் கையைக் காட்டினாள். "எங்க சார், கல்லைக் காணோம், எவனோ வூட்டுக் கடைக்காலுக்கு எடுத்துட்டுப் போயிட்டான்னாரு. எனக்கு அப்படித் தோணல. கல்லு இல்லாத எடம் பாதைக்கு நேரா கீது மேடம். பாதை வழிதப்பி இங்க வரல. இங்க வர்றதுக்குத்தான் பாதையே. ரோட்டுக்குப் போறது அப்பால வந்தது. வாசல்னு உட்டிருப்பாங்க. வருஷத்துக்கு ஒருவாட்டியோ எப்பவோ, செத்தவங்களப் பாக்க வந்திருப்பாங்க. அவங்க போனப்புறம் எதுக்குன்னே தெரியாம நாம இன்னும் அந்த வளைவுலயே நடக்கறோம்."

மேடம் எழுந்து போய்ப் பாதை வளையும் இடத்தில் நின்றார். அங்கிருந்து பார்த்தார். மெதுவாக நடந்து வந்தார், நாங்கள் தினமும் நடக்கிற மாதிரி. காலி இடத்துக்கு முன்னால் நின்றார்.

"வாசல்னு நான் இன்னைக்குச் சொல்லமாட்டேன்" என்றார். "பாதை அவ்வளவு பழசான்னும் தெரியாது. தோண்டிப் பாத்துட்டுதான் சொல்வேன்."

மதி தலையாட்டினாள். அய்யாத்துரைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்பம் தோண்டுவியளா மேடம்?"

"தோண்டாம எப்படிப்பா சொல்றது?" என்றார் அவர். "நாளைக்கே எழுதறேன். அதுவரைக்கும் ஒருத்தன் இந்த மேட்டுல கை வைக்கக்கூடாது. நீ முக்கியமா. முதல்ல அந்தச் சுண்ணாம்பு யாரு போட்டது?"

அய்யாத்துரை கையைத் தூக்கினான். எல்லோரும் சிரித்தார்கள். கவியா மதியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். மேடம் காமிராவை எடுத்து ஒவ்வொருவரையும் அவரவர் கல்லுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். எது யார் தூக்கியது என்று ஞாபகத்துக்கு வேண்டுமாம். நின்றார்கள். வட்டம் மறுபடி வந்தது.

"மா" என்றாள் மதி.

கோபமாகக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். அப்படி இல்லை.

"இன்னாடி?"

"அங்கருந்து தள்ளி நில்லேன்."

அப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் இடத்துக்குப் போனதும், என் கல்லைத் தள்ளிவிட்ட அந்தக் காலி இடத்தில் நானே போய் நின்றிருந்தேன். பழகின கால், தானாகப் போயிருக்கிறது.

"அது வழி மா. உடு."

விட்டேன்.